ஐந்துக்கு மூன்று: முல்லைத்தீவு மாவட்டத்து உள்ளூராட்சிச் சேவை

ஒருநாள் தங்கிய லொட்ஜுக்கு ரேட்டிங் போடுகிறோம், ஒன்லைனில் வாங்கிய சார்ஜருக்குப் போடுகிறோம், ஆனால் வாழ்நாள் முழுக்க மாற்ற முடியாத பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் யாரும் போடுவதில்லை. திட்டுவது உண்டு, அது வேறு. சரி, நான் போடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. எந்த ஒரு சபைக்கும் தனியாகப் போட்ட புள்ளி இல்லை இது, முல்லைத்தீவு மாவட்டத்தில் இந்தச் சேவை மொத்தமாக எப்படி ஓடுகிறது என்பதற்குப் போட்டது.

இடத்தைப் பற்றிச் சொல்லாமல் புள்ளி போட்டால் அநியாயம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையின் 25 மாவட்டங்களிலும் ஆகக் குறைந்த ஆட்கள் இருந்தது இங்கேதான், சுமார் 92,000 பேர். பரப்போ 2,600 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 40 பேர்கூட இல்லை. அதற்குப் பிறகு ஆட்கள் கூடியிருக்கிறார்கள், ஆனாலும் ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் காடும் களப்பும் வயலும்தான். பரந்தனிலிருந்து வந்தாலும் மாங்குளத்திலிருந்து வந்தாலும் முல்லைத்தீவு நகரம் சுமார் 50 கிலோமீட்டர். துணுக்காய்க்காரருக்கு மாங்குளம் வருவதே ஒரு பயணம், அதற்குப் பிறகுதான் இந்த 50. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கையெழுத்துக்குச் செலவாவது மேசையில் கட்டுகிற கட்டணம் இல்லை, பஸ் காசும் போய்விட்ட அன்றைய கூலியும்தான். கடலுக்குப் போகிறவருக்கு அது ஒருநாள் தொழில்.

மாநகர சபை கிடையாது, நகர சபையும் கிடையாது. நாலே நாலு பிரதேச சபைகள்: கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. கடைசி இரண்டுக்கும் கடல் இல்லை, ஆக சாலை என்கிற ஊரில் இருந்து கொக்கிளாய் வரைக்கும் நீளுகிற கரை முழுவதும் முதல் இரண்டின் தலையில். ஆனால் பிரதேச செயலகங்கள் ஆறு. ஒட்டுசுட்டானுக்கும் வெலிஓயாவுக்கும் செயலகம் உண்டு, சொந்தப் பெயரில் சபை இல்லை. இந்த நாலுக்கும் ஆறுக்கும் நடுவில்தான் பாதிப் பேர் தொலைந்து போகிறார்கள்.

சபை என்பது நாங்கள் வாக்குப் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிற இடம், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் வந்தது. செயலகம் மத்திய அரசின் நிர்வாகம். ஜி.எஸ். (கிராம சேவகர்), டி.எஸ். (பிரதேச செயலாளர்), கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் இருக்கிற அரசாங்க அதிபர் எல்லாம் அந்த வரிசை. அங்கே ஒருவரையும் நாங்கள் தெரிவு செய்யவில்லை. வீடு கட்ட அனுமதி, வியாபார உரிமம், குப்பை, தெருவிளக்கு, சந்தை, சுடலை, நூலகம் இதெல்லாம் சபை. காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாகன வரி, நிவாரணம் இதெல்லாம் செயலகம். இதைக்கூட ஒரு பலகையில் எழுதி வாசலில் வைக்காத கந்தோர்கள் உண்டு. வயசான ஒரு அம்மா காணிப் பிரச்சினைக்குச் சபைக்கு வந்து மத்தியானம் வரை இருந்துவிட்டு, "அம்மா, இது டி.எஸ். ஒபிசில கேக்க வேணும்" என்ற பதிலோடு திரும்பிப் போவதைப் பார்த்தால், அந்தப் பதிலைக் காலையிலேயே சொல்ல என்ன தடை என்றுதான் தோன்றும்.

வீதி விஷயம் இன்னும் மோசம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சம் இருக்கிற ஒழுங்கைகளும் கிரவல் பாதைகளும் சபைக்கு. குளத்துக்குப் பக்கத்தால் போகிற பாதை என்றால் நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநல அபிவிருத்தித் திணைக்களமோ நடுவில் வரும். எங்கள் பக்கத்தில் மாரிக்கு வெள்ளம் நிற்கிற ஓர் இடத்துக்கு மதகு கேட்டுக் கடிதம் கொண்டு போனோம். முதல் கந்தோரில், "தம்பி, இது எங்கட வீதி இல்லை, அவையின்ர". அவையளிடம் போனால், "வளைவு வரைக்கும்தான் எங்கட, அங்கால வாய்க்கால்காரரைக் கேளுங்கோ". எந்தக் கந்தோர்கள் என்று பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் ஒருவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. எல்லாரும் அவரவருக்குத் தெரிந்த எல்லையைத்தான் சொன்னார்கள். வெள்ளம் மட்டும் எல்லை பார்க்காமல் நின்றது.

மணல் லொறி இன்னொரு கூத்து. மணல் அள்ள அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், லொறி ஓடி உடைகிற பாதை பிரதேச சபையுடையது. அனுமதி கொடுப்பவருக்குப் பாதையைத் திருத்துகிற செலவு இல்லை, திருத்துகிறவருக்கு அனுமதியை நிறுத்துகிற அதிகாரம் இல்லை. இதற்காகச் சபையில் தீர்மானம் போடுவார்கள், போடட்டும்.

கடற்கரைக்கு வந்தால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். 1981இன் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்வான நீர் மட்டத்தில் இருந்து தரைப்பக்கம் 300 மீட்டரும் தாழ்வான நீர் மட்டத்தில் இருந்து கடல்பக்கம் 2 கிலோமீட்டரும் கரையோர வலயம். அந்த 300 மீட்டருக்குள் நிரந்தரமாக ஏதாவது கட்டுவதென்றால் சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்தின் பக்கமும் போக வேண்டும். மீன்பிடிக் கிராமத்துக்கு 300 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட முழுக் கிராமமும் அதற்குள்தான். படகுப் பதிவும் வலை பற்றிய முறைப்பாடும் கடற்றொழில் திணைக்களத்துக்கு. காணி என்று தோண்டினால் வனத் திணைக்களம் ஒருபக்கம், தொல்லியல் திணைக்களம் ஒருபக்கம், படை முகாம் இன்னொருபக்கம். நாயாறிலும் கொக்கிளாயிலும் வெளிமாவட்ட மீனவர்கள் பருவத்துக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுகிறது பற்றி எத்தனை வருஷமாக இங்கே பேச்சு நடக்கிறது. சபை உறுப்பினரிடம் அதைச் சொன்னால் கோபப்படுவார், பேசுவார், பேப்பரில் வரும். சட்டப்படி அவர் கையில் இருப்பது அந்த வாடிகளின் குப்பை மட்டும்தான்.

அதனால்தான் சபையைப் பார்த்து எல்லாக் கோபத்தையும் கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்களுக்கு ஆகக் கிட்ட இருக்கிற கதவு அது, தட்டவும் சுலபம், ஆனால் உள்ளே இருப்பது மிகக் குறைவு. காசையும் பாருங்கள். ஆதன வரியைச் சபை நினைத்த இடமெல்லாம் அறவிட முடியாது, கட்டடங்கள் நிறைந்து அபிவிருத்தியடைந்த பகுதி என்று அறிவித்த இடத்தில்தான் அறவிடலாம். அப்படியான பகுதி இங்கே எவ்வளவு இருக்கிறது? நகரத்தைச் சுற்றிக் கொஞ்சம், முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் கொஞ்சம், புதுக்குடியிருப்புச் சந்தியைச் சுற்றிக் கொஞ்சம். வயலுக்கு ஏக்கர் வரி என்று ஒன்று சட்டத்தில் உண்டு, அதை நம்பி உழவு இயந்திரம்கூட வாங்க முடியாது. காட்டுக்கும் அரச காணிக்கும் வரி வராது, ஆனால் அவற்றுக்கு நடுவால் போகிற பாதைக்குக் கிரவல் போட வேண்டும், விளக்குப் போட வேண்டும். சம்பளம் மேலிருந்து வருகிறது, திட்டங்களும் மேலிருந்து வருகின்றன. மேலே என்பது வட மாகாணம். அந்த மாகாண சபை 2013 செப்டம்பரில் முதன்முதலாகத் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து போனது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லாமல் ஆளுநரின் கையில் கிடக்கிறது.

பிரதேச சபைகளின் கதையும் பெரிதாக வித்தியாசம் இல்லை. யுத்தம் முடிந்த பிறகு துணுக்காய்க்கும் மாந்தை கிழக்குக்கும் 2011 ஜூலையில் தேர்தல் வைத்தார்கள். கடல் இருக்கிற இரண்டு சபைகளுக்கும், மக்கள் முழுதாக மீளக் குடியேறவில்லை என்று தள்ளித் தள்ளி, 2018 பெப்ரவரி 10 வரைக்கும் இழுத்தார்கள். பிறகு 2023 மார்ச்சில் நாட்டில் இருந்த கிட்டத்தட்ட எல்லாச் சபைகளின் காலமும் முடிந்தது, காசு இல்லை என்று தேர்தலைத் தள்ளினார்கள், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்புச் சொன்னது, கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, செயலாளர்தான் எல்லாம்.

அந்த இரண்டு வருஷம் எப்படி இருந்தது என்று கேட்டால், என் பார்வையில் கந்தோர் வேலை பெரிதாக ஒன்றும் கெட்டுப் போகவில்லை. உரிமம் கொடுத்தார்கள், குப்பை எடுத்தார்கள், சில இடங்களில் முன்பைவிட அமைதியாகக்கூட நடந்தது. கந்தோர் பூட்டின பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. இரவில் மரம் விழுந்து பாதை அடைபட்டால், உறுப்பினர் இருந்தால் போன் எடுத்து ஏசலாம், அவரும் அடுத்த தேர்தலை நினைத்து யாரையாவது மெசின் வாளோடு அனுப்புவார். செயலாளருக்கு யார் இரவில் போன் எடுப்பது? பிரதேசத்தை வட்டாரங்களாகப் பிரித்து உறுப்பினரைத் தெரிவு செய்கிற வட்டார முறை வந்ததில் எனக்குப் பிடித்தது இதுதான், இன்ன ஆள் எங்களுக்குப் பொறுப்பு என்று விரல் நீட்ட முடிகிறது. பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கியதும் நல்லது, குடிநீர், முன்பள்ளி விஷயங்களை அவர்களில் பலர் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும், மூன்று புள்ளி சும்மா வராது. கோடையில் கரையோரக் கிணறுகள் உவராகும்போது பவுசரில் தண்ணீர் வருகிறது. நேரம் தவறும், ஒருநாள் பிந்தும், ஆனால் வரும். வருகிற நாளை வட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் வெறுங்குடத்தோடு காத்திருக்கத் தேவையில்லை, சில இடங்களில் ஊரவர்களே குழு வைத்து அதைச் செய்கிறார்கள், சபை செய்தால் இன்னும் நல்லது. நூலகங்கள் சின்னவை, ஆனால் பேப்பர் வாசிக்கவும் பிள்ளைகள் பாஸ்ட் பேப்பர் செய்யவும் இதைவிட அமைதியான இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. உப அலுவலகங்கள் இருப்பதே பெரிய உதவி, தலைமை அலுவலகம் வரை போகாமல் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம் (தொழில்நுட்ப உத்தியோகத்தர் எந்த நாளில் வருவார் என்று கேட்டுவிட்டுப் போங்கள், அவர் இல்லாவிட்டால் கட்டட விண்ணப்பம் மேசையில்தான் கிடக்கும்).

நடமாடும் சேவைக்கு முழுப் புள்ளி. செயலகம், ஆட்பதிவு, காணி, ஓய்வூதியம், சில நேரம் சபையும் எல்லாரும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து மேசை போட்டு உட்காருகிற அந்த ஒருநாளில் நடக்கிற வேலை, மற்ற நேரம் மாதக்கணக்கில் இழுபடுகிற வேலை. அதிகாரி அதே அதிகாரிதான், சட்டமும் அதே சட்டம்தான், ஒரே கூரைக்குக் கீழே பக்கத்து மேசையில் இருப்பதால் "அங்கே போய்க் கேளுங்கள்" என்பது பத்து அடித் தூரமாகிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ் பிரதியை இப்போது எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம் என்பதும் இதே மாதிரி ஒரு நல்ல மாற்றம். யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிற பிள்ளை இதற்காக ஊருக்கு வரத் தேவையில்லை.

ஊழியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எரிந்து விழுகிறவர்கள் உண்டு, போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் ஓர் உப அலுவலகத்தில் ஒரு அக்கா, நான் கேட்காமலே, பழைய விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று போட்டு, முதலில் ஜி.எஸ்., பிறகு நில அளவைப் படத்தின் பிரதி, பிறகு கரையோரக்காரர், கடைசியில்தான் இங்கே என்று வரிசையாக எழுதித் தந்தார். அந்தத் துண்டுக்கு முத்திரையும் இல்லை, கட்டணமும் இல்லை. நான் மூன்றாகப் போட்ட புள்ளியில் ஒன்று அவருக்கு மட்டும்.

போகிறவர்களுக்கு: கொடுக்கிற கடிதத்துக்கு இரண்டு பிரதி கொண்டு போங்கள், ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள், அடிக்க மாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் போடுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும், 14 வேலை நாளுக்குள் தருகிறோம் அல்லது தரவில்லை என்றாவது சொல்லியாக வேண்டும். "எங்கள் பாதை யாருடையது, கடைசியாக எப்போது காசு ஒதுக்கினீர்கள்" என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள், வாயால் கேட்டபோது தெரியாமல் இருந்த பலதும் தெரியவரும். மதகு விஷயத்தை நாங்கள் அப்படித்தான் நகர்த்தினோம், பாதை சபையுடையதுதான் என்று இப்போது கடிதத்தில் இருக்கிறது. மதகு இன்னும் வரவில்லை.

நாலாவது புள்ளி எதற்குக் கிடைக்கும் என்று யாராவது சபையில் இருந்து கேட்டால்: புதுக் கட்டடம் வேண்டாம், பெயர்ப்பலகை திறப்பு விழாவும் வேண்டாம். வட்டாரத்தில் இருக்கிற வீதிகள் எல்லாவற்றையும், எது யாருடையது என்று, ஒரு பெரிய தாளில் அடித்து வாசலில் ஒட்டுங்கள். பக்கத்தில் செயலகம், கடற்றொழில், கரையோரம், நீர்ப்பாசனம், மின்சார சபை எல்லாருடைய போன் நம்பரும். மழையில் நனையாமல் கண்ணாடிக்கு உள்ளே.