பேட்டரியா, செல்ஃப் மோட்டாரா, எர்த் ஒயரா? கடற்கரை ஊர்ப் பழைய கார்களுக்கு ஓர் ஒப்பீடு

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கங்களில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில், காலையில் முதல் திருப்பிலேயே எடுத்த வண்டி மதியம் கடைத்தெருவில் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடுவதும், சற்று நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல எடுத்துவிடுவதும் வழக்கமான புகார். இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் மூன்று: பேட்டரியை மாற்றுவது, செல்ஃப் மோட்டாரை (சாவியைத் திருப்பியதும் என்ஜினைச் சுழற்றி எடுக்க வைப்பது) கழற்றி வேலை பார்ப்பது, எர்த் ஒயரையும் (பேட்டரியின் நெகட்டிவைப் பாடியோடும் என்ஜினோடும் இணைப்பது) டெர்மினல்களையும் (பேட்டரியில் ஒயர் மாட்டும் முனைகள்) சரிசெய்வது. பெரும்பாலும் இதே வரிசையில்தான் செலவும் செய்யப்படுகிறது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் கடைசியில் இருப்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பேட்டரியின் பக்கம் உள்ள பெரிய வசதி, அதைக் கடையிலேயே மாற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம் என்பது. ஆனால் தேய்ந்த பேட்டரி பொதுவாக நாளுக்கு நாள் மோசமாகுமே தவிர, இன்று படுத்துவிட்டு நாளை தானாக எழுந்துகொள்ளாது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்து, சாவியைத் திருப்பும்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிட்டால், பேட்டரியைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டதும் எடுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பேட்டரியைக் குறைசொல்லவும் முடியாது. கறுப்புப் பிடியை என்ஜின் மேல் கடித்திருந்தால், பழுதான எர்த் ஒயரைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் வேறு வழியில் போயிருக்கும். புதுப் பேட்டரி போட்டதும் சரியாகி, மாதம் கழித்துப் பழைய கதை திரும்புவதற்கும் காரணம் இதையொட்டியதே: பேட்டரி மாற்றுபவர் டெர்மினலைச் சுரண்டி இறுக்கியிருப்பார், குணம் தெரிந்தது அதனால்தான்.

எர்த் ஒயரின் கணக்கு எளிமையானது. செல்ஃப் மோட்டார் சுழல நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; 150 ஆம்பியர் ஓடும் பாதையில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். ஹாரனுக்கும் விளக்குக்கும் சில ஆம்பியரே போதும் என்பதால் அவை பளிச்சென்று வேலை செய்யும். ‘லைட் நல்லா எரியுது, அப்ப செல்ஃப்தான் போச்சு’ என்ற அவசரத் தீர்ப்பு வருவது இதனால்தான். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரம் லக்குக்கும் (ஒயர் முனையில் போல்ட் மாட்டும் உலோக வளையம்) பாடிக்கும் நடுவே துருவையும், செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பையும் உண்டாக்கும். வெளியே ஒயர் கறுப்பாக, ஒழுங்காகத்தான் தெரியும். லக்கை ஒட்டி உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே கம்பி கறுத்து, விரலில் பொடியாக உதிரும்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, என்ஜின் எடுத்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் (கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே) மறுமுனையை என்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து, இன்னொருவரைச் சில விநாடிகள் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் குறை இருக்கிறது. பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே 0.5 வரை பொறுக்கலாம். புது ஒயர் போடுவதானால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைக்கிறதா என்று கேட்பது நல்லது. லக் உட்காரும் இடத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவ வேண்டும். பேட்டரி ஒயர்களைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில்.

எர்த், பாசிட்டிவ் இரண்டு பக்கமும் தேறிய பிறகும் ஒற்றை ‘டக்’ மட்டுமே கேட்டால்தான் செல்ஃப் மோட்டாரின் முறை. ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டியதும் சுழன்றால், கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் கம்பிச்சுற்று) கருகாதவரை, விலை மலிவான புது மோட்டாரைவிட வண்டியோடு வந்த மோட்டாருக்குக் கார்பன், புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்), சொலினாய்டின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) செம்புத் தொடுமுனை மூன்றையும் ஒன்றாக மாற்றுவதையே நான் தேர்வேன்.

‘டக்’ சத்தமே வராத வண்டி வேறு வகை. அங்கே சாவி சுவிட்ச் தேய்ந்துவிட்டது என்று சொல்லித் தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) போட்டுக் கொடுப்பது வழக்கம். அது சுவிட்சின் சுமையைக் குறைப்பது உண்மைதான். ஆனாலும் சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரின் முனையே களிம்பேறிக் கிடந்தால் ரிலேயால் பயனில்லை என்பதால், அந்த முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்த பிறகு ரிலேயைப் பற்றிப் பேசலாம்.