ஒகேனக்கல் போகிறவர்கள் கவனத்துக்கு: பரிசலுக்குக் கவுன்ட்டரில் மட்டும் பணம் கட்டுங்கள்

பிள்ளைகளோடு ஒகேனக்கல் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். வண்டி நிறுத்தும் இடத்திலேயே வந்து பரிசலுக்குப் பணம் கேட்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் மகளும் மாமியாரும் ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகப் போனோம். மலைப்பாதை, யானை நடமாட்டம் உள்ள காடு, நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் வழியெல்லாம் பச்சை, மாமியாருக்கு அத்தனை சந்தோஷம்.

காரை விட்டு இறங்குவதற்குள் ஒருவர் வந்துவிட்டார். "அண்ணா, கர்நாடகாவுல தண்ணி திறந்துட்டாங்க. அரை மணி நேரத்துல பரிசலை நிறுத்திடுவாங்க, கவுன்ட்டரும் மூடியாச்சு. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்தால் இங்கே பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடுவது வழக்கம்தான். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. ஐந்தருவி, மணல்திட்டு எல்லாம் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி 3000 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

பரிசல் துறைக்குப் போகாமல், பாறைகளுக்கு நடுவே வேறொரு கரைக்கு அழைத்துப் போனார். நான்கு பேருக்கு இரண்டே லைஃப் ஜாக்கெட். மகளுக்குக் கொடுத்தது பெரியவர்கள் போடுவது. இடுப்புக் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் சணல் கயிறு கட்டியிருந்தது. இறுக்கிக் கட்டினாலும் தோள்பட்டை காது வரை ஏறி நின்றது. பிள்ளை தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும்தான் மிதக்கும். கேட்டால், "ஒண்ணும் ஆகாதுக்கா, தண்ணி கம்மியாத்தான் இருக்கு" என்கிறார். சற்று முன்புதான் வெள்ளம் வருகிறது என்றவர்! 2015-ல் இங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் பலர் இறந்தார்கள். என் மனைவி பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பணத்தைக் கேட்டதும், "பரிசல் எடுத்தாச்சு, திருப்பித் தர முடியாது" என்று சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நடந்து போய்ப் பார்த்தால் கவுன்ட்டர் திறந்திருக்கிறது, வரிசையில் ஜனம் நிற்கிறது. அங்கே டிக்கெட் வாங்கித்தான் பரிசலில் போனோம். அந்தப் பரிசல்காரர் ஒவ்வொருவர் கொக்கியையும் இழுத்துப் பார்த்த பிறகே துடுப்பைத் தொட்டார். இப்படி உழைக்கிறவர்களின் பிழைப்பிலும் சேர்த்துத்தான் அந்தப் புரோக்கர் மண்ணைப் போடுகிறார்.

கிளம்புமுன், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று பாருங்கள், செய்திகளில் வரும். தடை இருந்தால் மாவட்ட நிர்வாகமே அறிவித்துவிடும். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்றால் வேறு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஜாக்கெட்டை எடுத்த போட்டோவோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.