மோர்கன் டாலரா, பீஸ் டாலரா?

பழைய அமெரிக்க வெள்ளி டாலர் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, மோர்கன், பீஸ் என்ற இரண்டு வகையில் எதில் தொடங்கலாம் என்பதைத்தான். தராசில் வைத்தால் இரண்டும் ஒன்றே. 26.73 கிராம் எடை, 38.1 மில்லிமீட்டர் விட்டம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. சுத்த வெள்ளி மட்டும் 24 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்கினால் அடி விலை தெரிந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு கொடுக்கலாம் என்று வரும்போதுதான் இரண்டும் வேறு வேறு பாதையில் போகின்றன.

மோர்கன் 1878 முதல் 1904 வரை அடிக்கப்பட்டது, பிறகு 1921-ல் மறுபடியும். மாதாமாதம் குறைந்தது 20 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று 1878-ல் சட்டம் வந்தது. அவ்வளவு டாலரைக் கையில் வைத்துப் புழங்க ஆள் இல்லை. மூட்டை மூட்டையாகக் கருவூலப் பெட்டகத்துக்குப் போய்விட்டது. மோர்கனின் விலையைப் புரிந்துகொள்ள இந்த மூட்டைகளைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

பின்பக்கத்தில், மாலைக்குக் கீழே எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும் ஒரு பொடி எழுத்து இருக்கும். சி.சி. என்றால் கார்சன் சிட்டி, எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ். 1921-ல் மட்டும் டி, அதாவது டென்வர். எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. கார்சன் சிட்டி என்றாலே அரிது என்று பலர் நினைக்கிறார்கள். 1884-ல் அங்கே அடித்தது 11 லட்சத்து 36 ஆயிரம். அதில் 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் புழக்கத்துக்கே போகாமல் கிடந்து, 1970-களில் அமெரிக்க அரசே விற்றது. ஆனால் 1889-ல் அடித்த மூன்றரை லட்சத்தில் அந்த விற்பனைக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதே எழுத்து, அதே ஊர், விலையோ மலைக்கும் மடுவுக்கும். 1903-ஓ கதை இன்னும் உறைக்கும். விலைப்பட்டியலில் 1,500 டாலர் வரை ஏறியிருந்த நாணயம் அது. 1962-ல் பெட்டகத்திலிருந்து மூட்டைகள் வெளிவந்ததும் சில பத்து டாலருக்கு இறங்கிவிட்டது. அதனால் எத்தனை அடித்தார்கள் என்று மட்டும் பார்த்து மோர்கனுக்கு விலை போடாதீர்கள். எத்தனை மிஞ்சியது என்று பாருங்கள்.

1918-ல் வந்த ஒரு சட்டப்படி உருக்கப்பட்ட 27 கோடி வெள்ளி டாலர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் உலகப்போர் நேரத்தில் இந்தியாவில் ரூபாய் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டவர்கள் பெருகினார்கள். பிரிட்டன் அமெரிக்காவிடம் வெள்ளி கேட்டது. உருக்கியதில் பெரும்பகுதி இந்திய ரூபாய்க்காகத்தான் கப்பல் ஏறியது. உருக்கியதற்கு ஈடாகப் புது வெள்ளி வாங்கி மறுபடி டாலர் அடிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. 1921-ல் மோர்கன் திரும்பி வந்ததும் அதனால்தான், பீஸ் டாலர் பிறக்க வழி கிடைத்ததும் அதனால்தான். நம் வீட்டு பழைய ஜார்ஜ் மன்னர் ரூபாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பீஸ் டாலர் 1921 முதல் 1928 வரை, அப்புறம் 1934, 1935. ஆண்டையும் நாணயச்சாலையையும் வைத்து எண்ணினால் மொத்தமே 24 வகைதான். மோர்கனில் அது தொண்ணூற்றைத் தாண்டும். அதிலும் ஒரு லட்சம் மட்டுமே அடித்த 1893-எஸ் இருக்கிறது. பீஸில் 1928 பிலடெல்பியாதான் எண்ணிக்கையில் குறைவு, 3,60,649. ஆனாலும் தேயாத நிலையில் அதைவிட விலை அதிகம் 1934-எஸ்ஸுக்கு. பத்து லட்சம் அடித்தும், பெரும்பாலானவை கை மாறித் தேய்ந்துவிட்டன.

தரம் பார்க்கப் பீஸ் கஷ்டம். 1921-ல் உருவம் மேடாக இருந்தது, அச்சு தாங்கவில்லை, 1922-ல் தட்டையாக்கினார்கள். அதனால் நடுவில் பெண் உருவத்தின் முடி மழுங்கியிருந்தால் அது தேய்மானமா, அடிக்கும்போதே சரியாகப் பதியாததா என்று சட்டெனச் சொல்ல முடியாது. தேய்மானம் என்றால் அந்த மேட்டில் பளபளப்பும் போயிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். மோர்கனில் 1879 முதல் 1882 வரையிலான சான் ஃபிரான்சிஸ்கோ நாணயங்கள் கழுகின் மார்பு இறகு வரை தெளிவாகப் பதிந்திருக்கும், விலையும் அதிகமில்லை. கண்ணைப் பழக்க அதைவிட நல்ல நாணயம் கிடையாது.

இரண்டிலும் பாலிஷ் போட்டதை வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கிய 1922 பீஸ் கண்ணாடி போல மின்னியது. லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். வெள்ளி விலைக்கு மேல் யாரும் தரவில்லை. போலிகளும் மோர்கனில் அதிகம், நாணயச்சாலை எழுத்தை ஒட்டவைத்ததும் உண்டு. விலை கூடிய ஆண்டு என்றால் தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி.யின் ஸ்லாப்பில், அதாவது மூடி ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் இருப்பதை மட்டும் வாங்குங்கள், அதன் எண்ணையும் அவர்களிடமே சரிபாருங்கள்.

என் யோசனை, முதல் நாணயம் 1881-எஸ் மோர்கன். பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு, முழு செட் சேர்க்கப் பீஸுக்கு வந்துவிடுங்கள். நான் அப்படித்தான் வந்தேன். 23 சேர்ந்துவிட்டது, 1934-எஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்.