வலியை வரவழைக்க ஜெல்லா, பலூனா?

கர்ப்பம் 41 வாரம் ஆகியும் பிரசவ வலி எடுக்கவில்லை என்றால், டாக்டர் முதலில் பார்ப்பது கர்ப்பப்பை வாயை. அது இன்னும் கெட்டியாக, மூடியே இருந்தால் (வாய் எவ்வளவு தயார் என்று டாக்டர் போடும் மதிப்பெண்ணான பிஷப் ஸ்கோர் 6 அல்லது அதற்குக் கீழ்) நேராக வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் போட்டுப் பெரிய பலன் இருக்காது. முதலில் வாயைப் பழுக்க, அதாவது மென்மையாகித் திறக்க வைக்க வேண்டும். அதற்கான வழிகள்தான் ஜெல்லும் பலூனும்.

டைனோப்ரோஸ்டோன் ஜெல் 0.5 மி.கி. ஊசிக்குழலில் வரும், ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டிய மருந்து. கர்ப்பப்பை வாய்க்குள் வைத்தபின் அரை மணி நேரம் படுத்தே இருந்தால் வெளியே வழியாது. போதாவிட்டால் 6 மணி நேரம் கழித்து அடுத்தது. 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. சிக்கல் என்னவென்றால், வைத்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறைந்து இதயத்துடிப்பு இறங்கலாம். டிரிப்ஸ் தொடங்கவும் கடைசி ஜெல்லுக்குப் பின் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஃபோலி பலூன், சிறுநீருக்குப் போடும் அதே ரப்பர் குழாய்தான். வாயைத் தாண்டி நுழைத்து, 30 முதல் 60 மி.லி. ஸ்டெரைல் தண்ணீர் ஏற்றி, லேசாக இழுத்துத் தொடையில் பிளாஸ்டர் ஒட்டுவார்கள். நுழைக்கும்போது வலிக்கும், மறைக்க வேண்டியதில்லை. வாய் 3 செ.மீ. அளவுக்குத் திறந்ததும் தானே விழுந்துவிடும். பலர் பயந்துபோவது அப்போதுதான். தண்ணீரை இறக்கினால் உடனே எடுத்துவிடலாம் என்பதால், முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு ஜெல்லைவிட இதுவே மேல். நச்சுக்கொடி கீழே இறங்கியிருந்தால் பலூன் கூடவே கூடாது.