பேசும் அட்டை மெஷின்: ரெண்டு வயசுக்கு கிட்ட உள்ள புள்ளைக்கு வாங்கலாமா?

அட்டைய உள்ள தள்ளினா படத்திர பேர சொல்லுற சின்ன மெஷின் ஒண்டு இப்ப மட்டக்களப்பு டவுனுக்குள்ள விளையாட்டுச் சாமான் கடைகள்ல தொங்குது, காத்தான்குடிப் பக்கம் தேடினா ஒள்ளம் குறைச்சும் எடுக்கலாம். பெட்டியில கொம்பனிப் பேர் எண்டு ஒண்டும் இல்ல, 112 அட்டை, ரெண்டு பக்கமும் படம், 224 சொல்லு எண்டு மட்டும் போட்டிரிக்கு. மகளுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகல்ல, கதைக்கத் தொடங்கின நேரம் பாத்து எடுத்தது. தெரிஞ்சவங்க கன பேர் கேக்கிறதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

நல்லத முதல்ல சொல்லுறன். இதில ஸ்கிரீனே இல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2019ல சொன்னது, ஒரு வயசுப் புள்ளைக்கு ஸ்கிரீன் வேணாம், ரெண்டு வயசில ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல கூடாது எண்டு. சோறு தீத்துறத்துக்கு போன குடுத்துப் பழகின வீடெண்டா அந்த ஒண்டுக்காகவே இத வாங்கலாம். போன் சார்ஜரிலயே சார்ஜ் ஆகும். அட்டைய நேரா பிடிச்சு ஓட்டைக்குள்ள தள்ளுறது அவக்கு பெரிய வேலை, நல்லா மெனக்கெடுறா.

ஆனா இதால புள்ள கதைக்குமா எண்டு கேட்டா, இல்ல. மெஷினுக்குத் தெரிஞ்சதெல்லாம் பேர் மட்டும்தான், அதுவும் இங்கிலீசில, ஆப்பிள், பென்குயின், ஸ்னோமேன். மகள் நாள் முழுக்க பாவிக்கிற சொல்லுகள் வேற. தா, வா, வேணா, தூக்கு, முடிஞ்சி. கோப்பையத் தள்ளிட்டு 'முடிஞ்சி' எண்டா சோறு முடிஞ்சிட்டு எண்டு இல்ல, இனி ஒருத்தரும் எனக்கிட்ட வராதீங்க எண்டு. அம்மம்மா கோழிக்கு அரிசி போடக்குள்ள 'பா பா பா' எண்டு கூப்பிடுறதக் கேட்டுட்டு இப்ப கோழியும் பாபா, காகமும் பாபா, பக்கத்து வீட்டுப் பூனையும் பாபா. இதெல்லாம் எந்த அட்டையிலயும் இல்ல.

அதவிட முக்கியமா, மெஷின் திருப்பிக் கதைக்காது. மகள் 'ஆப்பு' எண்டு சொன்னாலும் சரி, சும்மா கத்தினாலும் சரி, அது 'ஆப்பிள்' எண்டுட்டு பேசாம இரிக்கும். அதே 'ஆப்பு'வ குசினிக்குள்ள போய் சொன்னா அம்மம்மா, "ஆப்பமா மனே வேணும்? பால் ஊத்தவா, சீனி போடவா?" எண்டு கேக்கிறா, இவ யோசிச்சி "ஊத்து" எண்டுறா. அங்கதான் கதை நடக்குது. ப, ம மாதிரி உதட்டால வாற சத்தம்தான் புள்ளைகளுக்கு முந்தி வரும், ர, ழ எல்லாம் பிந்தித்தான், அதனால அவ அரைகுறையா சொல்லுறத விளங்கி பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். கல்லடிப் பாலத்தால போகக்குள்ள தோணியப் பாத்து கைய நீட்டுறா, அது தோணி எண்டு சொல்லுறத்துக்கும் பக்கத்தில இரிக்கிற ஆள்தான்.

நாங்க இப்ப கூடுதலா பாவிக்கிறது மெஷின ஓஃப் பண்ணிட்டுத்தான். அட்டைகள பாயில பரப்பி, "பூனை எங்க, மாடு எங்க, மாடு என்ன செய்யிது?" எண்டு கேட்டா அவ தேடி எடுத்துத் தாறா, சில நேரம் வேணுமெண்டே பிழையா எடுத்துத் தந்துட்டு சிரிக்கிறா. அதுக்கு படம் நல்ல தெளிவு, நிறமும் பளிச்செண்டு இரிக்கு.

குறையும் இரிக்கு. நாங்க எடுத்ததில சத்தம் குறைக்க வழியில்ல, படுத்திருக்கிறவங்க எழும்புவாங்க. வாயில வச்சி மூலை ஊறின அட்டைய மெஷின் வாசிக்காது.

ஒரு விசயம் மட்டும் கவனமா கேளுங்க. புள்ள இன்னும் கதைக்கல்ல எண்டு கவலையில இத வாங்கிக் குடுத்துட்டு பாத்துட்டு இரிக்காதீங்க. ரெண்டு வயசளவில 'அம்மா வா', 'பால் தா' மாதிரி ரெண்டு சொல்ல சேத்து சொல்லுறது வரவேணும், ரெண்டரை வயசில கிட்டத்தட்ட 50 சொல்லு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022ல திருத்தின பட்டியல்ல இப்பிடித்தான் இரிக்கு. வரல்ல எண்டா கிளினிக் புத்தகத்த எடுத்துட்டு மிட்வைஃப் மிஸ்ஸிட்ட சொல்லுங்க, காது கேக்குதா எண்டு பரிசோதிக்கிறதும் கட்டாயம் செய்யவேணும். "ஆம்பிளப் புள்ள பிந்தித்தான் கதைக்கும்" எண்டு சொல்லுற மாமிமாரு எல்லா ஊரிலயும் இரிக்காங்க, அத நம்பி மாசக்கணக்கா விடுறதுதான் பயம்.

ரெண்டாயிரத்துக்கு மேல சொன்னா குறைச்சிக் கேளுங்க, இது அதுக்கு மேல பெறுமதி இல்ல. மறுகா, கடையிலயே ஓன் பண்ணி பத்து அட்டையாவது போட்டுப் பாத்துட்டு காச குடுங்க, எங்களுக்கு முதல் தந்தது முயலுக்கு எலிஃபன்ட் எண்டு சொல்லிச்சி, கடைக்காரர் சிரிச்சிட்டு மாத்தித் தந்தார்.