செங்கல்பட்டு வண்டியா, மாம்பலத்தில் வாடகையா?

அக்கா பையனுக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் 35,000. வீடு செங்கல்பட்டில், சொந்த வீடு. "மாமா, தினம் போய்வரட்டுமா, இல்ல அங்கேயே வீடு பார்த்துடலாமா? அம்மாவும் வர்றேங்கறாங்க" என்று கேட்டான். ஒன்பது வருடம் அதே செங்கல்பட்டு வண்டியில், அதாவது மின்சார ரயிலில், போய்வந்தவன் நான். நடுவில் இரண்டு வருடம் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தும் பார்த்தாயிற்று. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது.

முதலில் காசு. வண்டி என்றால் மாத சீசன் டிக்கெட் நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸ்டேஷனில் டூவீலர் விடுகிற காசு, டீ, பசித்தால் ஒரு சமோசா எல்லாம் சேர்த்து ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மாம்பலம் பக்கம் சந்துக்குள் சின்ன வீடு பார்த்தாலும் 15,000 கேட்கிறார்கள். மெயின்டனன்ஸ், தண்ணீர், கரண்ட் சேர்த்தால் 18,000. கரண்ட் விஷயம் வாடகைக்குப் போனவர்களுக்குத்தான் புரியும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் சொந்த மீட்டர் உள்ளவர்களுக்கு. சப் மீட்டர் மாட்டிய வீட்டில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் போடுவதுதான் விலை.

ஆக மாதம் 17,000 வித்தியாசம். இதைப் பார்த்ததும் பாதிப்பேர் வண்டிதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல்வரை இரண்டு மணி நேரம். வண்டி ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டாலும், பைக்கை நிறுத்துவது, படியேறுவது, அந்தப் பக்கம் நடப்பது எல்லாம் உண்டு. போக வர நாலு மணி. 22 நாளுக்கு 88 மணி நேரம். மாம்பலத்திலிருந்து என்றால் ஒரு தடவைக்கு 40 நிமிஷம், மாதத்துக்கு 30 மணி நேரத்தைத் தாண்டாது. வித்தியாசம் 58 மணி நேரம். 17,000-ஐ 58-ஆல் வகுத்தால் சுமார் 290 ரூபாய். அதாவது வண்டியில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவனுக்கு 290 ரூபாய் கூலி. ஆபீஸ் தருகிற 35,000-ஐ எட்டு மணி நேர வேலைக்கு வகுத்துப் பார்த்தால் மணிக்கு 200 ரூபாய்கூட வரவில்லை. வேலை செய்வதைவிட ரயிலில் உட்காருவதற்குக் கூலி அதிகம்!

ஆனால் அக்கா வராமல் இவன் மட்டும் போனால் கணக்கு தலைகீழாகிவிடும். நுங்கம்பாக்கம் ஸ்டேஷனை ஒட்டிய சூளைமேட்டில் மூன்று பையன்களோடு ரூம் எடுத்தால், வாடகையும் கரண்டுமாகத் தலைக்கு 6,000, வெளியே சாப்பிடுவதால் கூட ஒரு 3,000. வண்டிச் செலவைக் கழித்தால் மாதம் 8,000 அதிகம். நடந்தே பதினைந்து நிமிஷத்தில் ஆபீஸ் போய்விடலாம் என்பதால் மிச்சமாகும் நேரம் 77 மணி. இப்போது வண்டி தருகிற கூலி மணிக்கு நூறு ரூபாய்தான். அந்த விலைக்கு என் மருமகன் தினமும் நாலு மணி நேரத்தை விற்க வேண்டியதில்லை.

ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பழைய வரி முறையில்தான் உண்டு. இந்தச் சம்பளத்துக்கு எப்படியும் வரி வராது, விட்டுவிடலாம்.

அட்வான்ஸை அப்படி விட முடியாது. 2017-ல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. அது நடைமுறைக்கு வந்தது 2019-ல். நான் மாம்பலம் போனது அதற்கு முன்னால். பத்து மாத வாடகையை எண்ணிக் கொடுத்தேன். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் வந்தது. இன்றைக்கும் ஆறு மாதம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தை எடுத்துச் சொன்னால் வீடு இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

இனி கணக்கில் அடங்காத சமாச்சாரம். மணிக்கு 290 என்பது உட்கார்ந்து போகிறவனுக்கு. நின்றுகொண்டு போகிறவனுக்கு அதே மணி நேரம் வேறு.

செங்கல்பட்டில் ஏறுபவனுக்குக் காலையில் ராஜமரியாதை. வண்டி அங்கேயே கிளம்புவதால் ஜன்னலோர சீட்டு கிடைக்கும். திருமால்பூரிலிருந்து வருகிற வண்டியில் அந்த உத்தரவாதம் இல்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவோம். வலது பக்கமா இடது பக்கமா என்பதைக்கூட வெயில் பார்த்து முடிவு செய்கிற ஆட்கள் உண்டு. கிளம்பியதும் கொளவாய் ஏரி. சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் பாதிப்பெட்டி தூங்கிவிடும். கூடுவாஞ்சேரியில் கூட்டம் அப்பி ஏறும். தாம்பரத்துக்கு மேல் நம் முழங்கால் மேல் யாருடைய பையோ இருக்கும், நம் தூக்கம் அப்படியே இருக்கும்.

சாயங்காலம் கதை வேறு. நுங்கம்பாக்கத்தில் செங்கல்பட்டு வண்டி வரும்போதே படியில் தொங்கிக்கொண்டு வரும். தாம்பரம்வரை ஒற்றைக்கால் தவம். பழைய சீசன் ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: எதிர்ப்பக்க வண்டி ஏறி, வண்டி கிளம்புகிற பீச் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே காலி வண்டியில் உட்கார்ந்து திரும்பி வருவது. அரை மணி நேரத்தைக் கொடுத்து சீட்டை வாங்குகிற வியாபாரம். முதல் வருடம் இவர்களைப் பார்த்துச் சிரித்தேன். மூன்றாவது வருடம் நானும் பீச்சில் இருந்தேன்.

ஏசி வண்டியும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் பீச்-செங்கல்பட்டு தடத்தில் விட்டார்கள். முழுத் தூரத்துக்கு 105 ரூபாய். தினமும் டிக்கெட் எடுத்தால் மாதம் நாலாயிரத்து அறுநூறு ஆகும். மணிக் கூலி 290-லிருந்து 220-க்கு இறங்கும். நம் ஆபீஸ் நேரத்துக்கு அது வந்தால் கொடுக்கலாம். ஆனால் சாதா வண்டி போல அடுத்தடுத்து கிடையாது. பைக்கில் ஜிஎஸ்டி ரோடு வழியாகப் போகிறேன் என்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பரனூர். அங்கே டோல்கேட் நெரிசல்.

நடுவில் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் லோன் போட்டு ஃபிளாட் வாங்கிவிடலாம் என்று அக்கா சொல்கிறாள். என் கணக்கில் இருப்பதிலேயே மோசம் இதுதான். மாதத் தவணை மாம்பலத்து வாடகையைத் தாண்டும், பயணம் பாதிகூடக் குறையாது, காலையில் சீட்டும் கிடைக்காது. இன்னும் உள்ளே தள்ளி முடிச்சூர், வரதராஜபுரம் என்று போனால் விலை குறைவுதான். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அங்கே எந்த மாடி வரைக்கும் வந்தது என்று அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.

மாம்பலத்தில் இருந்த இரண்டு வருடத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாதம் 58 மணி நேரம் மிச்சம் என்று போனேனே, அது வீட்டுக்கு வரவில்லை. செங்கல்பட்டில் இருந்தவரை "சார், ஆறு பத்து வண்டி" என்று சொன்னால் மேனேஜரும் ஒன்றும் பேச மாட்டார். மாம்பலம் வந்த பிறகு "பக்கத்துலதானே இருக்கீங்க, இதை மட்டும் முடிச்சுட்டுப் போங்க" என்பார். எட்டு மணி சர்வசாதாரணமாகிவிட்டது. வண்டி எனக்கு ஒரு வேலியாக இருந்திருக்கிறது. நேரத்தை மிச்சம் பிடிப்பதோடு, அதை ஆபீஸிடமிருந்து காப்பாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

அதற்காக வண்டிக்காலத்தைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். என் வீட்டில் சமையல் நேரமே ஸ்டேஷன் பெயரில்தான் ஓடியது. கூடுவாஞ்சேரி என்றால் உலை வைக்கலாம், சிங்கப்பெருமாள் கோயில் என்றால் தோசைக்கல்லைப் போடலாம். என் பெண் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே போனில் "அப்பா, காட்டாங்குளத்தூர் தாண்டிட்டியா?" என்று கேட்பாள். பரனூர் என்று நான் சொல்லும்போது பல நாள் அவள் தூங்கியிருப்பாள்.

இதுவரை போட்டது ஆம்பிளைக் கணக்கு. அதே வண்டியில் லேடீஸ் பெட்டியில் வருகிற பெண்கள் அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டும் பூவைத் தொடுத்துக்கொண்டும் வருவார்கள். எட்டு மணிக்கு வீடு வந்தால் எனக்குச் சோறு தயார். அவர்களுக்கு அடுப்பு தயார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்தப் பெட்டி காலியாகிவிடும் என்பது தனிக் கவலை. ஒரு பெண் கேட்டிருந்தால் 290 ரூபாயைப் பற்றிப் பேசாமல் ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு பார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மழை நாளும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் மின்சார ரயில்களே ஓடவில்லை. தண்டவாளப் பராமரிப்பு என்று ஞாயிறுகளில் நிறுத்துவதும் உண்டு. வருடத்துக்குச் சில நாள் லீவு இதற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

அதனால் பையனிடம் சொன்னது இதுதான். கல்யாணம் ஆகும்வரை சூளைமேடு ரூம். சனி ஞாயிறு வீடு. அக்காவைக் கிளப்பிக்கொண்டு மாம்பலத்துக்குப் போக வேண்டாம். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு 18,000 கொடுப்பதில் அர்த்தம் இல்லை. நாளைக்குக் குடும்பமானால் செங்கல்பட்டு வண்டிதான், காலைச் சீட்டு கிடைக்கிறவரை.

அக்காவுக்கு இதில் சம்மதம் இல்லை. பையன் வீட்டில் சாப்பிட வேண்டும் என்கிறாள். சரி, ரூமுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு மாதம் வண்டியில் போய்ப் பார்க்கட்டும் என்று பேசி முடித்தோம், அதுவும் நவம்பரில். சீசனை மட்டும் நுங்கம்பாக்கத்துக்கு எடுக்காதே, பீச்சுக்கு எடு என்றேன். பெரிதாக விலை ஏறாது. "அங்க எனக்கு என்ன மாமா வேலை?" என்றான். பதில் சொல்லவில்லை, முதல் வாரத்தில் அவனே கூப்பிடுவான்.