ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கிழிந்த பேஸ்: ரிச்சி தெரு சர்வீஸ் அனுபவம்

சென்னை ரிச்சி தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஆம்ப், மிக்சர், கீபோர்டு எல்லாம் சரிசெய்யும் ஒரு சின்ன அறை இருக்கிறது. வாசலில் பலகை கிடையாது. எங்கள் சர்ச் சவுண்டு அண்ணன் சொல்லித்தான் போனேன். ஆக்டிவ் பேஸ் (பிரீஆம்ப் என்ற சின்ன ஆம்ப் உள்ளேயே பேட்டரியில் ஓடும் பேஸ் கிட்டார்) வாசிப்பவர்களில் பாதிப் பேருக்காவது என்றைக்காவது வரக்கூடிய பிரச்சினையோடு போய், அரை நாளில் தீர்வோடு திரும்பினேன். அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ். எட்டு வருடமாகக் கையில் இருக்கிறது. ஞாயிறு காலை ஆராதனைக்கு வாசிப்பேன். ஆடி மாதம் வந்துவிட்டால் அம்மன் கோவில் கச்சேரிகளுக்கும் இதே பேஸ்தான். போன வருடம் கேபிள் சொருகும் ஜாக்கில் கரகரவென்று சத்தம் வந்தது. வீட்டுக்கு அருகில் ஒரு கடையில் கொடுத்துப் புது ஜாக் போட்டு வாங்கினேன். கரகரப்பு போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து வேறொரு தொல்லை ஆரம்பித்தது.

ஒரு ஞாயிறு சவுண்டு அருமையாக இருக்கும். அடுத்த ஞாயிறு, இருப்பதிலேயே தடித்த பி கம்பியைத் தட்டினால் கிழியும். மெதுவாக வாசித்தால் தெரியாது, கொஞ்சம் அழுத்தினால் போதும், நோட்டின் தலையில் ஒரு பிசிறு. ஓட்டை விழுந்த ஸ்பீக்கரில் வருகிற மாதிரி இருக்கும். முதலில் சர்ச் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றினேன். கம்பி பழசாகிவிட்டதோ என்று புது செட் போட்டேன், அதற்கே இரண்டாயிரத்துக்கு மேல் ஆனது. அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்குப் போகும் வழியில் புது 9 வோல்ட் பேட்டரி வாங்கிப் போட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும். மறுவாரம் மறுபடி கிழியும். இரண்டு மாதத்தில் நான்கு பேட்டரி, நான்கும் அல்கலைன். கேபிளைக் கழற்றாமல் விட்டால் பேட்டரி தீரும் என்பது எனக்குத் தெரியும். வாசித்து முடித்ததும் முதல் வேலையாகக் கேபிளைக் கழற்றிவிடுவேன். அப்படியும் இந்த நிலைமை.

ஜாக் மாற்றிய கடையிலேயே மறுபடி காட்டினேன். பேஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பிரீஆம்ப் போயிடுச்சு, அதான் பேட்டரிய சாப்பிடுது, போர்டு மாத்தணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒன்பதாயிரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பேஸின் குரலே அந்த பிரீஆம்ப்தான். வேறு போர்டு போட்டால் அது வேறு வாத்தியம்.

பேட்டரி இல்லாத சாதாரண பாசிவ் பேஸில் டோன் குமிழ் மேல் சத்தத்தைக் (டிரெபிள்) குறைக்க மட்டுமே செய்யும், கூட்டாது. ஆக்டிவ் பேஸில் வாத்தியத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப் இருப்பதால் அடிச்சத்தம் (இதற்கும் பேஸ் என்றுதான் பெயர்), டிரெபிள் இரண்டையும் கூட்டவும் முடியும், நீளக் கேபிளில் டிரெபிள் தேய்வதும் குறையும். 1976-இல் மியூசிக் மேன் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டிங்ரே பேஸ்தான் இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் பரப்பியது. அந்த வசதிக்கெல்லாம் உயிர் கொடுப்பது ஒரு 9 வோல்ட் பேட்டரி. அது இளைத்தால் சத்தம் குறையாது. முதலில் கிழியும்.

ஒரு திங்கட்கிழமை காலை சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். பையோடு அந்தப் படியில் ஏறுவது சிரமம், குறுகலான படி. உள்ளே இருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கதையை ஆரம்பித்ததும் அவர் பேஸை வாங்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"பேட்டரி போட்டு எத்தனாவது நாள் கிழியுது தம்பி?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தேன். "ஏழு, எட்டு நாள்ல ஐயா."

"வாசிச்சாலும் வாசிக்காட்டியும்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன், பேஸைத் தொடவே இல்லை. அந்த வாரமும் பேட்டரி தீர்ந்துதான் இருந்தது.

அதன் பிறகு அவர் வேலை செய்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் தன் சின்ன ஆம்பில் சொருகி பி கம்பியைத் தட்டச் சொன்னார். கிழிந்தது. பேஸில் இருக்கும் ஆக்டிவ், பாசிவ் சுவிட்சைப் பாசிவ் பக்கம் தள்ளினார். சுத்தமாக வந்தது. கம்பி, அதன் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப், கேபிள், ஆம்ப் நான்கும் ஒரே தட்டில் சந்தேகத்திலிருந்து வெளியே போய்விட்டன. நான் கம்பிக்குச் செலவழித்த பணத்தை நினைத்து வருத்தப்பட்டேன். பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியை மீட்டரில் பார்த்தார், 6.7 வோல்ட். புது அல்கலைன் பேட்டரி என்றால் ஒன்பதரைக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். தன்னிடமிருந்த புதிய பேட்டரியை மாட்டினார், கிழிசல் போய்விட்டது. "போர்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் காசு கொடுத்திருப்பேன்.

ஏன் கிழிகிறது என்பதையும் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். 9 வோல்ட்டைப் பிரீஆம்ப் நடுவில் பிரித்து மேலே நாலரை, கீழே நாலரை என்று வைத்துக்கொள்கிறது. சிக்னல் அந்த இடைவெளிக்குள்தான் மேலும் கீழும் ஆட வேண்டும். பேட்டரி 6.7-க்கு இறங்கினால் பக்கத்துக்கு மூன்றரைகூட இல்லை. அழுத்தித் தட்டும்போது அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். பி கம்பியில் ஆட்டம் அதிகம், அதனால் அது முதலில் மாட்டும். மெதுவாக வாசித்தால் ஏன் தெரியவில்லை என்பதும் அப்போது புரிந்தது.

அடுத்து அவர் செய்ததை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பேட்டரி கிளிப்பைப் பாதி திருப்பி ஒரு முனையை மட்டும் மாட்டினார். மற்ற முனைக்கும் கிளிப்புக்கும் நடுவில், மில்லிஆம்பியரில் வைத்த மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வைத்தார். கேபிள் சொருகியிருக்கும்போது 2.1 காட்டியது. "இது சரி" என்றார். கேபிளை உருவினார். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் அதே 2.1.

ஆக்டிவ் பேஸின் ஜாக்குக்கு மூன்று கால் உண்டு. ஒன்றில் சிக்னல், ஒன்றில் எர்த், நடுக்காலில் பேட்டரியின் கறுப்பு ஒயர். கேபிளைச் சொருகும்போது பிளக்கின் உடம்பு நடுக்காலையும் எர்த்தையும் சேர்த்து வைக்கும், பிரீஆம்ப் உயிர் பெறும். உருவினால் அணைந்துவிடும். ஜாக்கேதான் சுவிட்ச். என் ஜாக்கைப் புதிதாகப் போட்டவர்கள் கறுப்பு ஒயரை நடுக்காலில் வைக்காமல் நேராக எர்த்திலேயே ஈயம் வைத்திருந்தார்கள். இரவும் பகலும், பையில் படுத்திருக்கும்போதும் பிரீஆம்ப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. 2.1 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு ஐம்பது மில்லிஆம்பியர்-மணி. அல்கலைன் 9 வோல்ட்டில் இருப்பது சுமார் ஐந்நூறு. பத்து நாளில் மொத்தமும் காலி, அதற்கு முன்பே எட்டாவது நாள் கிழியாமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு ஒயரைப் பிரித்து நடுக்காலில் வைத்தார். ஐந்து நிமிட வேலை. மறுபடி மீட்டர் வைத்து, உருவினால் பூஜ்யம் என்று என் கண்ணுக்கு நேராகக் காட்டிவிட்டுத்தான் மூடினார்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். அடிச்சத்தத்தைக் கூட்டும் பேஸ் குமிழை முழுதாகத் திருகி ஸ்லாப் செய்தால் (கட்டைவிரலால் அடித்து வாசித்தால்) புது பேட்டரியிலும் லேசாக ஒரு பிசிறு மிச்சம் இருந்தது. பி கம்பிப் பக்கம் பிக்கப் கம்பிக்கு மிக அருகில் ஏறியிருந்தது. திருகை இரண்டு சுற்று இறக்கிவிட்டு, குமிழை அது நடுவில் தங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் மட்டும் ஏற்றி வாசிக்கச் சொன்னார். போய்விட்டது.

நண்பர் ஒருவர் இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் ஆக்கிவிடச் சொல்லியிருந்தார். அதையும் கேட்டேன். அவர் டார்ச் அடித்து போர்டிலிருந்த கபாசிட்டரைக் காட்டினார். மேலே 16V என்று அச்சடித்திருந்தது. "இது தாங்காது தம்பி. தாங்குற போர்டா இருந்தா நானே போட்டுக் கொடுப்பேன்." வேலை வேண்டும் என்பதற்காகச் செய்துகொடுக்கிற ஆள் இல்லை.

மொத்தம் 350 ரூபாய் வாங்கினார். அவர் மாட்டிய பேட்டரிக்குத் தனியாக விலை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பில் கிடையாது. உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் ஒரு மிக்சர் இருக்கும். சோதிக்க அவரிடம் இருப்பது ஆறு அங்குல ஸ்பீக்கர் வைத்த ஆம்ப், பி கம்பியின் அடிச்சத்தம் அதில் முழுதாகக் கேட்காது. உங்கள் பிரச்சினை பெரிய ஆம்பில் மட்டும் வருகிறது என்றால் கைபேசியில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். ஃபிரெட், நெக் வேலை எதுவும் அவர் தொடமாட்டார், எலக்ட்ரானிக்ஸ் மட்டும்தான். போகும்போது கிழிகிற நிலையிலேயே, பழைய பேட்டரியோடு கொண்டுபோங்கள். புது பேட்டரி போட்டுக்கொண்டு போனால் அவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. பாசிவில் வைத்தும் கிழிகிறது என்றால் பேஸைத் தூக்கிக்கொண்டு அங்கே போவதற்கு முன் கேபிளையும் ஆம்பின் இன்புட்டையும் பாருங்கள். பேஸை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், சிக்னலைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு ஆடி மாதக் கச்சேரி சீசன் முழுதும் போய்விட்டது. அன்று அவர் மாட்டிய பேட்டரிதான் இன்னும் இருக்கிறது. போன சனிக்கிழமை மீட்டர் வைத்துப் பார்த்தேன், 8.3 வோல்ட்.